நாலாவது வார்டு மெம்பர் போட்ட கையெழுத்து

கொடிக்கண்மாய் பேரூராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் ஊர். பதினாலு வருஷமாக இந்த ஊர்க்காரர்களின் மனுக்கள் பெரும்பாலும் என் கடையில்தான் டைப் ஆகி எதிர் வாசலுக்குள் போகின்றன. முத்துமீனா கையெழுத்துப் போட்ட தாளையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் என் வீட்டு வாசலில் வேறொரு தாளில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுசாகாது.

முத்துமீனாவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் இந்தச் சுற்றுவட்டாரத்து வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல்கள் பிளாட் ஆனபோது அந்தக் கூலியும் போனது. கணவர் சிவபாண்டி செங்கல் சூளை லாரியில் லோடு ஏற்றுகிறவர். முத்துமீனா மகளிர் குழுவில் சேர்ந்து எங்கள் தெருக்களில் குப்பை எடுத்தார். ஒன்பது வருஷம். அவருடன் ஒரே வண்டியில் வந்தவர் முத்துத்தாய். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாசல் வாசலாகப் போய் வாளியை வாங்கிக் கொட்டுவார். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் சேர்த்துக் கொடுக்கும் வீடுகளில் முத்துத்தாய் சண்டை போடுவார். முத்துமீனா சிரித்துக்கொண்டே வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டிலும் இரண்டும் நடந்திருக்கிறது.

போன தேர்தலில் நாலாவது வார்டு பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. யார் யாரோ நிற்பதாகப் பேச்சு அடிபட்டது. குழுப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் ஒருநாள் வேலை முடித்த கையோடு முத்துமீனாவை என் கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, நாமினேசன் பாரம் எடுத்துக் குடுங்க. இவதான் நிக்கப் போறா" என்றார் முத்துத்தாய்.

"எனக்கு என்னக்கா தெரியும்? மைக்கைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும்" என்றார் முத்துமீனா.

"நாலாவது வார்டுல எந்த வீட்டுல என்ன தின்னாக, எந்த வீட்டுல எம்புட்டு மாத்திரை முழுங்குறாகன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா? இதுக்கு மேல என்னடி தெரியணும்?"

அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் முத்துமீனா ஜெயித்தார். குழு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் ஒரு வருஷம் கையுறை, ரப்பர் செருப்பு, பழுதான பேட்டரி வண்டிகளுக்குப் புது பேட்டரி என்று இந்த மூன்றையும் மாற்றி மாற்றி மனுவாகக் கொடுத்தார். கையுறை வந்தது. பேட்டரி வரவில்லை. இருந்த நாலு வண்டிகளில் இரண்டு எப்போதும் ஷெட்டிலேயே நின்றன.

போன வருஷம் சித்திரையில்தான் தீ பிடித்தது. கண்மாய்க் கரையை ஒட்டி ஊர்க் குப்பையைக் கொட்டும் இடம் இருக்கிறது. குழு பிரித்தது போக மிஞ்சுவதும், கல்யாண மண்டபங்களும் கடைகளும் திருட்டுத்தனமாகக் கொட்டுவதும் சேர்ந்து மலையாகக் கிடந்தது. அது ஆறு நாள் புகைந்தது. புதுப் பிளாட் வீடுகளில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். ஏழாம் நாள் ரோட்டை மறித்தார்கள். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. தலைவர் வெள்ளைத்துரை அவசரக் கூட்டம் போட்டு, குப்பை எடுக்கும் வேலையை ஒரு தனியார் கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மூன்று தலைமுறையாக இங்கே விவசாயம் செய்கிற குடும்பம். புகை அவர் தோட்டத்துக்குள்ளும்தான் வந்தது. அவருக்கு வேண்டியதெல்லாம் தொல்லை தீர்ந்தால் போதும் என்பதுதான்.

முத்துமீனா எழுந்து நின்றார். அன்றைக்கு நாக்கு ஒட்டவில்லை.

"தலைவரே, தீப்பிடிச்சதுக்கும் அந்தப் பொம்பளைகளுக்கும் என்ன சம்பந்தம்? அவுக பிரிச்சுத்தான குடுக்குறாக. ரெண்டு வண்டிக்கு பேட்டரி போட்டா அம்புட்டையும் அள்ளிருவாக."

"சரிம்மா, எடுத்தோம் கவுத்தோம்னு செய்ய வேணாம். மூணு பேரு குழு போடுவோம். கம்பெனி எப்படி வேல பாக்குதுன்னு போயிப் பாருங்க. ஒரு மாசம் சோதனைக்கு விட்டும் பாப்போம். எது நல்லதோ அத எடுப்போம். நீயே குழுவுல இரும்மா. ஒன்னையவிட இதுல வெவரம் தெரிஞ்சவுக யாரு?"

சந்தோஷமாகத்தான் முத்துமீனா என் கடைக்கு வந்தார். அந்த மூன்று பேர் குழுவில் செயல் அலுவலர், பன்னிரண்டாவது வார்டு தங்கப்பாண்டி, அப்புறம் இவர். ஒரு நோட்டு வாங்கினார். என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு வண்டி வருகிறது, எத்தனை வீடு, பிரித்து வாங்குகிறார்களா, வேலைக்காரர்களுக்கு என்ன வசதி, அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கடைசிக் கேள்வியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்தக் கம்பெனி ஏற்கெனவே எடுத்து நடத்தும் ஒரு நகரத்துக்குக் காரில் கூட்டிப்போனார்கள். பச்சை நிற லாரிகள் வரிசையாக நின்றன. பின்பக்கம் திறந்து குப்பையை அழுத்தி விழுங்கும் லாரிகள். மேனேஜர் இளநீர் கொடுத்தார். தங்கப்பாண்டியும் செயல் அலுவலரும் கம்ப்யூட்டரில் வண்டிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், முத்துமீனா பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு பின்பக்கம் போனார். அங்கே பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி குழுவுல இருந்தீகளாக்கா?" என்று முத்துமீனா கேட்டார்.

"ஆமா. நாப்பது பேரு இருந்தோம். இப்ப பதினெட்டு."

"மத்தவுக?"

"ஆறு மாசம் எல்லாரையும்தான் வச்சிருந்தாக. அப்பறம் ரேகை வைக்கிற மெஷின் கொண்டாந்தாக. வயசான பொம்பளைகளுக்கு ரேகை தேஞ்சு போச்சு. வெரல வச்சா மெஷின்ல பேரே வரல. பேரு வரலைன்னா வேலைக்கே வரலைன்னுதான் அர்த்தம்னுட்டாக. எழுத்துல ஒண்ணும் இல்லையே, யாருகிட்டப் போய்க் கேக்க?"

இதை முத்துமீனா அந்த நோட்டில் எழுதியிருக்கிறார். நான் பார்த்தேன். 'எழுத்துல ஒண்ணும் இல்ல' என்ற வரியைப் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்.

ஆனி மாதம் சோதனை தொடங்கியது. ஒன்றிலிருந்து ஏழு வார்டு வரை கம்பெனி. எட்டிலிருந்து பதினைந்து வரை குழு. பிரித்துக் கொடுத்த விதத்திலேயே கோளாறு இருந்தது. ஏழு வார்டுகளும் ரோட்டோர வார்டுகள், தெருக்கள் அகலம். மற்ற எட்டும் கண்மாய்க்கு அந்தப் பக்கம், சந்தும் பொந்தும். முத்துமீனா கேட்டதற்குச் செயல் அலுவலர், "லாரி போற தெருவுலதானம்மா லாரிய விட முடியும்" என்றார்.

கம்பெனி லாரி எங்கள் தெருவுக்குக் காலை ஆறரைக்கு வந்தது. மறுநாளும் ஆறரை. ஒருநாளும் தப்பவில்லை. வாசலில் வாளியை வைத்தால் போதும், யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. பிரித்தாயா என்று கேட்பதில்லை. நாப்கின் எதில் இருக்கிறது, கண்ணாடிச் சில்லு எதில் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. லாரி போன பிறகு தெரு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. என் மனைவி இரண்டாம் வாரம் சொன்னாள், "இத்தனை வருஷம் நாம ஏன் இப்படி ஒண்ணு இல்லாம கெடந்தோம்?" நான் ஆமாம் என்றேன்.

குழு பக்கம் எல்லாம் தலைகீழாக நடந்தது. நாலு வண்டிகளில் ஓடியவை இரண்டு. மூன்றாம் வாரம் முகூர்த்த நாளில், மண்டபத்துக் குப்பை நிரம்பிய வண்டி பதினோராவது வார்டு மேட்டில் நின்றுவிட்டது. எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் நடுத்தெருவில் சரிந்தன. சேதி தெரிந்து முத்துமீனா ஓடினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முத்துத்தாயுடன் சேர்ந்து வண்டியைத் தள்ளினார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அந்தப் படம். 'மெம்பரே தள்ளினால்தான் வண்டி ஓடும்' என்று எழுதியிருந்தார்கள். சிரிக்கும் முகங்கள் நிறைய விழுந்திருந்தன.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. சிவபாண்டியின் மொபெட்டில் ஏறி, கம்பெனி லாரி எங்கே போகிறது என்று முத்துமீனா பின்னாலேயே போனார். லாரி பழைய கண்மாய்க் கரைக்குத்தான் போனது. தீப்பிடித்த அதே இடம். ஏழு வார்டுக் குப்பையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுத் திரும்பியது. அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார்.

வெள்ளைத்துரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "சோதனைதானம்மா. ஒப்பந்தம் போட்டப்பறம் மெஷின் கொண்டாந்து பிரிப்பேன்னு எழுதிக் குடுத்திருக்கான்" என்றார்.

"பிரிக்கிறதுக்குத்தான் இருவத்திரெண்டு பேரு இருக்காகளே தலைவரே. அது மெஷின் இல்லையா?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் வீடு வீடாக ஒரு தாள் வந்தது. மூன்று கேள்விகள். வண்டி நேரத்துக்கு வருகிறதா, தெரு சுத்தமாக இருக்கிறதா, பணியாளர் மரியாதையாக நடக்கிறார்களா. கீழே, எந்தச் சேவை வேண்டும் என்று டிக் செய்ய இரண்டு கட்டங்கள். எங்கே கொட்டுகிறார்கள் என்ற கேள்வியையும் சேர்க்கச் சொல்லி முத்துமீனா சண்டை போட்டாராம். "அது வீட்டுக்காரங்களுக்கு எதுக்கும்மா?" என்றாராம் செயல் அலுவலர்.

நான் கம்பெனிக் கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முத்துமீனாவின் நோட்டைப் படித்தவன் நான். லாரி எங்கே கொட்டியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் காலை ஆறரைக்கு வந்து வாசலைச் சுத்தமாக்கிவிட்டுப் போகும் அந்த லாரி எனக்கு வேண்டியிருந்தது. நாலாவது வார்டில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் என்னைப் போலவே டிக் அடித்தன. அவருக்கு ஓட்டுப் போட்ட வீடுகள்தான்.

முடிவுகளைக் கையில் வாங்கிய அன்று அவர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் தெருவே வேணாங்குது அண்ணே."

நான் ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியதுபோல் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அவுகளயும் குத்தம் சொல்ல முடியல. வாசல் சுத்தமா இருந்தா யாருக்குத்தான் கசக்கும்? ஆனா எட்டு மெம்பரு நம்ம பக்கம் நின்னாப் போதும். என்னையத் தவிர அஞ்சு பேரு சரின்னிருக்காக. இன்னும் ரெண்டு வேணும். பாத்துருவோம்" என்று எழுந்து போனார்.

அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு மெம்பர் வீட்டு வாசலிலும் போய் நின்றார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். ஐந்து பேர் ஏழு ஆகவில்லை. மூன்றானது. கூட்டத்துக்கு முதல் நாள் பார்த்தால் மூன்று பேரில் ஒருவர் மகள் வீட்டுக்குச் சென்னை போய்விட்டார். ஒருவர் போனை எடுக்கவில்லை. மிச்சம் இருந்த ஒருவர், "நீ ஏத்தா தனியா முட்டிக்கிட்டு நிக்கிற? நடக்குறதப் பாரு" என்றார். சிவபாண்டியும் வீட்டில் அதையே சொன்னார். மெம்பர் வேலை வந்த நாளாக வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை, பேசாமல் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடு என்று கெஞ்சினார்.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. குழுப் பெண்கள் அத்தனை பேரும் பத்து மணிக்கே வேலை உடுப்போடு வந்து அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. பத்தேகாலுக்கு முத்துமீனாவைத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை முத்துமீனா பிறகு எனக்குச் சொன்னார்.

"முத்துமீனா, ஒளிச்சு மறைச்சுப் பேச வேணாம். ஒன் ஒரு ஓட்டால இது நிக்கப் போறதில்ல. ஒனக்கே தெரியும்" என்றார் வெள்ளைத்துரை.

"தெரியும் தலைவரே."

"ஆனா நாம போட்ட மூணு பேரு குழுவுல இருந்த மெம்பரே ஆட்சேபன எழுதிக் குடுத்தா மேல கேள்வி கேப்பாக. ஏகமனதாத் தீர்மானம் போனா ஒரு தொந்தரவும் இல்ல. அதுக்கு ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம். இருவத்திரெண்டு பேரையும் கம்பெனி எடுத்துக்கிறணும். அத எழுத்துல எழுதணும். ரேகை வரலைன்னு, வயசாச்சுன்னு எவனும் நிறுத்தக் கூடாது."

தலைவர் கம்பெனி மேனேஜரைப் போனில் பிடித்தார். மேனேஜர் நாற்பத்தைந்து வயது வரைதான் என்றார். முத்துமீனா எழுந்துவிட்டார். தலைவர் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பேசினார். கடைசியில் ஐம்பது என்று வந்து நின்றது. ஐம்பது வயதுக்குள் இருப்பவர்களின் பெயர்களைத் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம், ஒப்பந்தக் காலம் முடியும் வரை நிறுத்த முடியாது. அதற்கு மேல் இருப்பவர்கள் கிடையாது. இவர் எதிர்த்தால் ஒருவர் பெயரும் வராது.

"பதினோரு மணிக்குக் கூட்டம். யோசிச்சு வா" என்றார் தலைவர்.

முத்துமீனா வேப்பமரத்தடிக்கு வந்தார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை அப்படியே சொன்னார். யார் யாருக்கு எத்தனை வயது என்பது அவர்களுக்குள் தெரிந்ததுதான். ஆறு பேர் வெளியே. அதில் முத்துத்தாயும் ஒருவர்.

இளைய பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அந்த ஆறு பேர் முகத்தைப் பார்க்கவில்லை.

முத்துத்தாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க பேரச் சொல்லித்தான நீ ஓட்டுக் கேட்ட? இப்ப எங்களையே கழிச்சுக்கட்டச் சொல்லுறான், நீயும் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிற. போயி எதுத்து நில்லு."

"எதுத்து நின்னா ஒருத்தருக்கும் இல்லைங்கிறாக அக்கா."

"இல்லாட்டிப் போகுது. எல்லாரும் ஒண்ணாப் போவோம்."

அப்போது சுபலட்சுமி என்ற பெண் அழத் தொடங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. கணவருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். "என்னைய மன்னிச்சுருங்க அத்த. எனக்கு வேற வழியில்ல. இந்த வேல போனா அவர நான் காப்பாத்த முடியாது" என்று முத்துத்தாயின் கையைப் பிடித்தார். முத்துத்தாய் கையை உதறவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முத்துமீனா திடீரென்று, "அக்கா, ஒனக்கு எங்க அம்பது இருக்கும்? எங்க பெரியக்காவுக்கு அப்பறம் பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும். ஆதார் கார்டக் குடு" என்று வாங்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார். அட்டையில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. வருஷத்தைக் கணக்குப் பார்த்தால் ஐம்பத்திரண்டு. அந்த ஜனவரி ஒன்றாம் தேதியை ஆதார் எடுக்க வந்தவன் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். முத்துத்தாய் பள்ளிக்கூடம் போனதில்லை. பிறந்த சான்றிதழ் கிடையாது. உண்மையில் நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோதான் இருக்கும்.

"அண்ணே, இத மாத்த முடியுமா? எதாவது வழி இருக்கா?"

"சான்றிதழ் எதாவது வேணும்மா. இருந்தாலும் மாசக்கணக்குல ஆகும்."

"இருவது நிமிசம்தான் இருக்கு."

"முடியாதும்மா."

அட்டையை வாங்கி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு, "டைப் அடிங்க" என்றார்.

பதினாறு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தகப்பன் பெயர், கணவன் பெயர், ஆதார் எண். முன்பு மனுவுக்காக என் கடையில் எடுத்து வைத்த இருபத்திரண்டு ஆதார் நகல்களில் அந்த ஆறும் மேஜை ஓரத்தில் தனியாகக் கிடந்தன. கடைசி வரியில், 'கைரேகை பதிவாகாத காரணத்தால் வருகை மறுக்கப்படக் கூடாது' என்று சேர்க்கச் சொன்னார். எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்துப் பார்த்தார். மூன்றாவது தடவை படித்ததும் என் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"இன்னொரு காப்பி போட்டு நீங்க வச்சுக்கங்க அண்ணே. அங்க காணாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தார். வேப்பமரத்தடியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முத்துத்தாய் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடவில்லை.

தீர்மானம் பன்னிரண்டு மணிக்கு ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்த மற்றவர்களுக்கு அது அஜெண்டாவில் ஆறாவது பொருள். ஏழாவது பொருள் தெருவிளக்கு.

வெளியே வந்த முத்துமீனா ஆறு பேரிடமும் போனார். நாலு பேர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்கள். ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "ஒன்னால ஆனத நீ செஞ்ச தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துத்தாய் கையுறைகளைக் கழற்றி முத்துமீனாவின் கையில் வைத்தார். "நீ வாங்கிக் குடுத்ததுதான. நீயே வச்சுக்க" என்றார். அதற்கப்புறம் அவர் முத்துமீனாவுடன் பேசவில்லை.

ஆவணியில் கம்பெனி முழு ஊரையும் எடுத்துக்கொண்டது. பதினாறு பேரும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். புரட்டாசியில் ரேகை மெஷின் வந்தது. மூன்று பெண்களுக்குப் பெயர் வரவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார். முத்துமீனா என்னிடம் இருந்த நகலை வாங்கிக்கொண்டு போய் அந்தக் கடைசி வரியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். மூன்று பேரும் மறுநாள் வேலைக்குப் போனார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

பிரிக்கும் மெஷின் இன்னும் வரவில்லை. கண்மாய்க் கரையில் குப்பை ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஆறு பேருக்காக முத்துமீனா கொடுத்த மனுக்கள் எட்டு. கரையிலேயே குப்பை பிரிக்கும் வேலையையாவது அவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று ஒரே பதில் எட்டு முறை வந்திருக்கிறது. ஆறில் ஒருவர் திருப்பூரில் மகனிடம் போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். சர்க்கரை வியாதிதான் என்கிறார்கள். அந்தச் சாவுக்குப் போன முத்துமீனாவை, செத்தவரின் மகள் வாசலிலேயே நிறுத்தி, "என்ன பாக்க வந்தீக மெம்பரே?" என்று கேட்டாள். மாலையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போனார். மெம்பருக்கும் அடுப்பு எரிய வேண்டுமே.

போன மாசம் ஒருநாள் காலையில் நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறார். நானும் டவுனுக்குப் பேப்பர் வாங்கப் போக நின்றேன். கொஞ்சம் தள்ளி முத்துத்தாய் நின்றார். திருநகரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வர வேண்டும். ஆள் மெலிந்திருந்தார்.

முத்துமீனா தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். "அக்கா, இன்னைக்குக் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன். ஒன் பேரு மொதல்ல இருக்கு."

முத்துத்தாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"நீ அன்னைக்கு எதுத்திருந்தா அந்தப் பதினாறு பேரும் தெருவுலதான் நின்னுருப்பாக. சுபலட்சுமி புருசன் செத்துருப்பான். எனக்கு இது தெரியாதுன்னு நெனைக்கிறியா?" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை.

முத்துமீனா, "அக்கா" என்றார்.

"எல்லாம் தெரியுது. ஒன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சுருப்பேன். ஆனா ஒன்னப் பாத்தா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. என்ன செய்ய? ஒன்பது வருசம் ஒரே வண்டி. என் பேர நீயே விட்டுட்டு எழுதச் சொன்ன."

பஸ் வந்தது. ஏறப் போன முத்துத்தாய் படியில் நின்று திரும்பினார். "மனுவுல என் வயச நாப்பத்தொம்போதுன்னு போடச் சொல்லு" என்றார்.

பஸ் போய்விட்டது. முத்துமீனா பையிலிருந்து மனுவை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, பேனா இருக்கிறதா என்று கேட்டார். ஸ்டாப் சிமெண்டுப் பலகையில் வைத்து அட்டைப்படி இப்போது ஐம்பத்துமூன்று என்றிருந்ததை அடித்து நாற்பத்தொன்பது என்று எழுதினேன். அடித்துத் திருத்திய மனுவை வாங்க மாட்டார்களே என்றேன்.

"வாங்கலைன்னா புதுசா அடிச்சுக்கிட்டு அடுத்த வாரம் வருவோம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, தூரத்தில் வந்த அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.